மட்டையைப் பிடிக்கும் கைகள்

நரம்பு மாற்றிய மறுவாரமே என் பாட்மிண்டன் மட்டையின் சட்டம் உச்சியில் விரிசல் விட்டது. கட்டிக்கொடுத்த தேரடி வீதிக் கடைக்காரர்மேல்தான் எனக்குச் சந்தேகம். அவருடைய நரம்பு கட்டும் மெஷின் சட்டத்தை மேலும் கீழுமாக இரண்டே இடத்தில் பிடிக்கும். நரம்பை இழுக்கும்போது சட்டம் நசுங்கியிருக்கும் என்று அவரிடமே சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

புது மட்டையை பஸ் நிலையத்துப் பக்கம் வேறொரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே மெஷினுக்கு ஆறு பிடிகள்.

“ஆறு பக்கமும் புடிக்குதுங்க, பயமே வேணாம்” என்றார் கடைக்காரர்.

அவரையும் நம்பாமல், மட்டையைச் செய்தித்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டேன். நரம்பு கட்டியபின் அதே கோட்டின்மேல் வைத்துப் பார்த்தால், மட்டை குட்டையாகிப் பக்கங்கள் அகன்றிருந்தன.

“பேப்பர் நகர்ந்திருக்கும்ங்க.”

நான் மெஷினின் பக்கவாட்டுப் பிடியைத் தொட்டேன். லொடலொடவென்று ஆடியது. அவர் நரம்பை அறுத்துவிட்டு, பிடிகளை இறுக்கி மறுபடி கட்டினார்.

ஆறு பிடியே இப்படி என்றால் இரண்டு பிடி எப்படியோ என்று, வீட்டிலிருந்த இன்னொரு மட்டையையும் வரைந்துகொண்டு தேரடி வீதிக்குப் போனேன். பழைய கடைக்காரர் முகம் கொடுக்காமல் கட்டிக் கொடுத்தார். மட்டை கோட்டைவிட்டு இம்மியும் விலகவில்லை.

அப்படியானால் உடைத்தது யார்? அந்த வாரம் என் மட்டையை வாங்கிப்போய் ஆடியவள் தங்கை மட்டும்தான். கேட்டேன்.

“நெட் கம்பத்துல இடிச்சுட்டேன்க்கா. நீ கடைக்காரர்மேல சந்தேகப்பட்டதும் பேசாம இருந்துட்டேன்.”

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு தேரடி வீதிக் கடைக்குப் போனேன். முதலில் நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.