பங்காளியின் ரத்தம்

என் மூத்த மகளால் பென்னாகரம் பேருந்தின் படியில் ஏற முடியாமல் போன நாளிலிருந்து அவளைப் பற்றி நாட்குறிப்பில் எழுதி வருகிறேன். அன்றன்றைக்கு எத்தனை முறை தொடையில் கையூன்றி எழுந்தாள், எங்கே விழுந்தாள், மருத்துவர் என்ன சொன்னார் எல்லாம் அதில் இருக்கும். தசை வலுவிழக்கும் நோய். பல வருட அலைச்சலுக்குப் பிறகு, நகரத்திலிருந்து வந்த ஓர் ஆராய்ச்சிக் குழு காரணத்தைக் கண்டுபிடித்தது. ஒரு மரபணுவில் மாற்றம். என்னிடமிருந்து ஒன்று, அவள் அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று மட்டும் இருப்பவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் நோய்.

இளையவளிடம் ஒன்று இருந்தது. அவளை என் அண்ணன் மகனுக்குக் கொடுப்பதாக ஏற்கெனவே வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தோம். அவனிடமும் ஒன்று இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டும் சேரலாம். ஆகவே அண்ணனும் அவர் மகனும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று குழுவிலிருந்த பெண் ஆராய்ச்சியாளர் கேட்டார்.

ரத்தம் எடுக்கும் முகாம் நடந்த அன்று பெயர்ப் பட்டியலை நான்தான் வைத்திருந்தேன். மூத்தவளை உள்ளறையில் நடக்கவைத்துப் பரிசோதித்தார்கள். நான் அவளுடன் இருந்தேன். வெளியே வந்தபோது அண்ணன் மட்டும் வாசலில் நின்றிருந்தார்.

"எல்லாரும் குடுத்தாச்சும்மா. கிளம்பலாம்" என்றார்.

நான் இரண்டு பெயருக்கும் நேராகக் குறி போட்டேன். கண்ணால் பார்க்காத எதையும் எழுதுவதில்லை என்று சொல்லிக்கொள்பவள் நான்.

சில மாதம் கழித்து ஆராய்ச்சியாளர் தொலைபேசியில் அழைத்தார். அண்ணனிடம் மாற்றம் இருக்கிறது, மகனிடம் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் குரலில் அது இல்லை.

"மகனோட மாதிரியை மறுபடி எடுக்கணும் மேடம். அப்பாவோடதோட பொருந்தலை. குழாய் எங்கயாவது மாறியிருக்கலாம்."

"எங்க பக்கம் மாறியிருக்காதுங்க. பேரு, நேரம் எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். உங்க லேப்பில பாருங்க."

அவரிடம் கடுமையாகவே பேசினேன். போனை வைத்த பிறகுதான், 'பொருந்தலை' என்பதை ஊரில் யாராவது கேட்டால் அண்ணியைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று உறைத்தது. உடனே அண்ணன் ஊரான மொரப்பூருக்குப் பேருந்து ஏறினேன்.

அண்ணன் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, அன்னிக்குப் பையன் முகாமுக்கு வந்தானுங்களா?"

"அவனுக்கு ஓசூருல லீவு கெடைக்கலம்மா. நம்ம சித்தப்பா பேரனை உக்கார வெச்சேன்."

"யாரு பேரைக் குடுத்தீங்க?"

"நம்ம பையன் பேருதான். அவனுக்குத்தான பாக்கணும்?"

அவர் தட்டை உதறிப் போட்டுவிட்டு நிதானமாக விளக்கினார்.

"பங்காளிதானம்மா, ஒரே ரத்தம். ஒரு சாவு வுழுந்தா எல்லாருக்குந்தான தீட்டு? போன வருசம் நான் குலசாமிக்குப் போவ முடியலன்னு அவங்கப்பன்தான் என் பேருல பொங்க வெச்சான். சாமி ஏத்துக்கலையா?"

வீட்டுக்குள்ளிருந்து அண்ணியின் குரல் வந்தது. "சாமி ஏத்துக்கிச்சு. உங்க தங்கச்சிதான் ஏத்துக்க மாட்டேங்கறாங்க."

அதே வீட்டில் உட்கார்ந்து, அவரைக்கொட்டைகளை இரண்டு நிறத்தில் பரப்பி, ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களுக்குக்கூட இந்த மரபணு ஒன்றாக இருக்காது என்று நான் மூன்று முறை விளக்கியிருக்கிறேன். மூன்று முறையும் அண்ணன் தலையாட்டினார்.

"பையனைக் கூட்டிக்கிட்டு வாங்கண்ணா. மறுபடி எடுக்கணும்."

"அதான் இல்லைன்னு வந்துடுச்சே, வுடும்மா. மண்டபம் சொல்லியாச்சு. ரெண்டாவது தடவை குத்துனா பையனுக்குக் கோளாறுன்னு ஊரு பேசும்."

"இல்லைன்னு வந்தது அவனுக்கு இல்லீங்க, சித்தப்பா பேரனுக்கு. இவன் குடுக்காம கல்யாணம் நடக்காது."

"ஒரு ஊசிக்காக வெத்தல பாக்கைத் திருப்புவியா?"

"திருப்புவேன்."

அவர் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை.

அன்று மாலையே அண்ணன் மகனை அழைத்தேன். லீவு கிடைக்காததைப் பற்றிக் கேட்டதும் குழம்பிப்போனான்.

"என்ன லீவுங்கத்தை? எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே."

முகாம் நடந்ததே அவனுக்குத் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தருமபுரிக்கு வந்து ரத்தம் கொடுத்தான். ஊசி ஏறியதிலிருந்து குழாயில் பெயர் ஒட்டியது வரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன். என்னிடம் திட்டு வாங்கிய ஆராய்ச்சியாளர்தான் விடுமுறை நாளில் அதற்கு ஏற்பாடு செய்திருந்தார்.

ஏழு வாரம் ஆகிறது. அண்ணன் என்னுடன் பேசுவதில்லை. அவர் மகனும் என் மகளும் தினமும் பேசிக்கொள்கிறார்கள். பேசி முடித்ததும் அவள் என்னிடம் வந்து, "ரிப்போர்ட் வந்துச்சாம்மா?" என்பாள். இன்று மூன்றாவது முறையாக ஆராய்ச்சியாளரை அழைத்தேன். நிறைய மாதிரிகள் இருக்கின்றன, வரிசைப்படிதான் பார்க்க முடியும் என்றார்.

முகூர்த்தத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. அந்தத் தேதி வேண்டாம் என்று மண்டபத்துக்காரரிடம் நானே சொல்லிவிட்டேன். அண்ணனுக்கு இன்னும் தெரியாது.