செலரிப் பாத்தியில் கல்லுப்பு

தொண்டாமுத்தூரில் போய் செலரி என்று சொல்லிப் பாருங்கள், கொத்தமல்லிக்குத்தான் இப்படி நாகரிகமாகப் பேர் வைத்துவிட்டார்களா என்று கேட்பார்கள். அருள்செல்வியையும் அப்படித்தான் கேலி செய்தார்கள். அவள் அசரவில்லை. வடவள்ளியில் ஃப்ரைடு ரைஸ் கடை வைத்திருக்கும் மகள் ஜோவிதா, ரைஸில் நறுக்கிப் போடத் தண்டு வேண்டுமென்று விதைப் பாக்கெட் கொடுத்தாள், இவள் பிடித்துக்கொண்டாள். சமையலறைக்குப் பின்னால், மலைக்காட்டைப் பார்த்த வேலியோரம் பாத்தி கட்டி, நாற்று நட்டு, தென்னங்கீற்றில் நிழல் போட்டு, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். செலரிக்கு ஈரம் காயவே கூடாது. பஞ்சாயத்துத் தண்ணீரோ விடியக்காலையில் மட்டும்தான் வரும். குழாயில் ஓஸை மாட்டிப் பாய்ச்சுவது புருஷன் ஆரோக்கியதாஸின் வேலை.

அவருக்குக் காது கேட்காது. பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறையில் காலமெல்லாம் இரும்பு அடித்ததற்குக் கிடைத்த சன்மானம். காதுமிஷின் உண்டு, ஆனால் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்று குளித்து முடித்த பிறகுதான் மாட்டுவார். தனக்குக் கேட்காதது ஊருக்கும் கேட்காது என்று அவருக்கு எண்ணம். வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும்.

செடி வந்தது, தண்டுதான் ஈர்க்குச்சியாக நின்றது. அருள்செல்வி தென்னந்தோப்பில் பிறந்து வளர்ந்தவள். மரம் சோர்ந்தால் அடியில் கல்லுப்பு வைப்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். "தென்னைக்கு ஆகறது இதுக்கு ஆகாதுங்களா?" என்று அள்ளி வீசினாள். தண்டு கொஞ்சம் தடித்த மாதிரி தெரிந்ததா, மறுபடியும் வீசினாள். பாத்தி மண்ணில் உப்பு வெள்ளையாகப் பூத்தே போயிற்று. போதும் நிறுத்து என்று சொல்ல ஆளில்லை.

அன்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் பாத்தியில் குனிந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் வேலி சாய்ந்து கிடந்தது. சாய்ந்த வேலியின்மேல் ஒற்றை யானை நின்றது.

கத்தத்தான் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை, வராததும் நல்லதாயிற்று. கத்தினால் அவருக்கா கேட்கும்? யானைக்குத்தான் கேட்கும். ஓடிப் போனால் அது மிரண்டுவிடும். "மாதாவே, மாதாவே" என்று உதடு மட்டும் அசைந்தது. தும்பிக்கை மண்ணைத் துழாவிக்கொண்டே அவர் முதுகுப் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

குழாய் கதவோரம்தானே இருக்கிறது! சுவரோடு ஒட்டிப் போய், கையை மட்டும் வெளியே நீட்டித் திருகினாள். ஓஸில் தண்ணீர் நின்றது.

ஆரோக்கியதாஸ் ஓஸை உதறினார். முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். இங்க திரும்புங்க, ஊட்டுப் பக்கம் திரும்புங்க என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. மனுஷன் திரும்பினார். ஓஸ் எங்கே மடங்கியிருக்கிறது என்று பார்த்தபடி சாவகாசமாக நடந்து வந்தார். கதவருகே அவளைக் கண்டதும் தன் வழக்கமான குரலில் கேட்டார்: "ஏ செல்வி, தண்ணி நின்னுபோச்சா?"

யானையின் காது விரிந்தது. அவள் பாய்ந்து, பனியனைப் பிடித்து அவரை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, வாயைப் பொத்தினாள். கோபமாகக் கையைத் தட்டிவிட்டவர் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் அவரும் மூச்சு விடவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அணைக்க இருவருக்கும் கை வரவில்லை.

யானை செலரியைத் தின்னவில்லை. பிடுங்கிப் பிடுங்கி எறிந்துவிட்டு, அடிமண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டது. அய்யோ, என் கையால நானே கூப்பிட்டிருக்கேனே என்று அருள்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது.

பாரஸ்ட் வாட்சர் கருப்புசாமி ஆட்களோடு வந்து பட்டாசு வெடித்து அதை விரட்டினார். பிறகு பாத்தி மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, உப்புப் போட்டீங்களா? அதுக்கு உப்புன்னா உசுருங்க. இந்த மண்ண வழிச்சுத் தூரமாக் கொட்டிப்போடுங்க. ஆனா ருசி கண்ட எடத்த அது மறக்காது. இன்னொருக்கா வந்து பாக்குமுங்க."

மண்ணை வழித்துக் கொட்டினார்கள். தப்பிய செடிகளைப் புதுமண்ணில் நட்டார்கள். ஆரோக்கியதாஸ் மிஷினை மாட்டிய பிறகு, கருப்புசாமி சொன்னதை அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். "செடி போனாப் போகுதுங்க. விடியால கொல்லைக்குப் போகாதீங்க," என்று அழுதாள்.

"பாதிச் செடி தப்பிச்சிருக்குதல்ல? அதக் காய உடறதா? ஆனை என்ன, நம்மூட்டு விருந்தாளியா, நெதமும் வாரதுக்கு?" என்று அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடித்த பிடியை விடுகிற ஆளா அவர்? மறுநாளும் மிஷின் இல்லாமல் ஓஸை எடுத்துக்கொண்டு போனார். அருள்செல்வியும் பின்னாலேயே போனாள். அவர் செடியைப் பார்த்து நின்றார். அவள் அவர் முதுகோடு முதுகை ஒட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நின்றாள். வேலிக்கு அப்பால் ஏதோ அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

"ஏ செல்வி, முதுகு இந்த நடுக்கம் நடுங்குது, குளுருதா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார்.

"மெதுவாப் பேசுங்க," என்றாள். அது அவருக்குக் கேட்கவில்லை.