முறை தவறி வந்த ஆடு

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நான் நம்பியவன் இல்லை. என் உத்தியோகமும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வருவாய்த் துறையில் காலமெல்லாம் கோப்பு பார்த்தவன். தேவாரம் பக்கத்தில் ஒருவர், தன் தோட்டத்துக் கிணற்றில் ஏதோ குடியிருக்கிறது, அரசாங்கம்தான் காலி செய்து தர வேண்டும் என்று மனு கொடுத்தார். 'முகாந்திரம் இல்லை' என்று எழுதி முடித்தேன். இன்று நானே மனுதாரர் இடத்தில் நிற்கிறேன், நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்பதும் தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டு எழுதுங்கள். விசாரிக்காமல் மனுவை முடிப்பது விதிமீறல்.

போடியில் கொட்டகுடி ஆற்றை ஒட்டி என் வீடு. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் கோயமுத்தூரில். கோடை விடுமுறைக்குத் தங்கை ராஜேஸ்வரியும் அவள் வீட்டுக்காரரும் திண்டுக்கல்லிலிருந்து வருவார்கள். வந்தால் காலையில் ஆற்றில் ஒரு முங்கு, சாயங்காலம் போடிமெட்டுக்குப் போய்ச் சில்லென்று காற்று, மிச்ச நேரமெல்லாம் மாப்பிள்ளைக்கும் எனக்கும் ஆடுபுலி ஆட்டம். வீட்டுக்குப் பின்னால் ஆற்றுப் பாறையில் யார் காலத்திலோ செதுக்கிய ஆடுபுலிக் கட்டம் ஒன்று இருக்கிறது. மூன்று கூழாங்கல் புலி, புளியங்கொட்டையெல்லாம் ஆடு. புலி ஆட்டைத் தாண்டினால் ஆடு செத்தது, புலி நகர முடியாமல் ஆடுகள் அடைத்துவிட்டால் புலி தோற்றது. அவ்வளவுதான் சட்டம்.

போன கோடையில் மாப்பிள்ளை சும்மா வரவில்லை, என் மகள் அனுப்பிய தூதாக வந்தார். காயைப் பரப்பும்போதே ஆரம்பித்தார்.

"மச்சான், சும்மா ஆடி என்ன பிரயோசனம்? நான் ஜெயிச்சா வீட்டப் பூட்டிட்டு மக கூடப் போறீங்க. நீங்க ஜெயிச்சா இனிமே அந்தப் பேச்ச நாங்க யாரும் எடுக்க மாட்டோம்."

"எழுதித் தர்றீங்களா மாப்ளே?"

"ஆத்துல குளிக்க வந்தவன்கிட்டயும் பத்திரம் கேப்பீங்களே!"

ஒத்துக்கொண்டேன். அந்த மனிதர் என்னை ஜெயித்ததே கிடையாது, அந்தத் தைரியம்தான். ஆனால் நம்பினால் நம்புங்கள், அன்றைக்கு அவர் ஆடின ஆட்டமே வேறு. உச்சி வெயில் ஏறுவதற்குள் என் ஆடுகளில் பாதியைத் தின்றுவிட்டார். அடுத்த முறை அவருடையது. அவர் புலிக்குப் பக்கத்தில் என் ஆடு, அதற்குப் பின்னால் காலி இடம். அதையும் தாண்டிவிட்டால் நான் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து ராஜேஸ்வரி கொல்லைப்புறத்துக் கதவிலிருந்து கத்தினாள். "அண்ணே, சோறு ஆறுது, வெரசா வாங்க. காயக் கலைச்சிட்டு வாங்க!"

ஆற்றுப் பாறையில் ஆடுகிறவர்கள் பாதியில் எழுந்தால் காயைக் கலைத்துவிட்டுத்தான் போவார்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுமாம்.

"வேற ஆளு வந்தா ஒரு டீ போட்டுக் குடு ஆத்தா," என்றேன்.

மாப்பிள்ளை கலைக்க மாட்டார், ஜெயிக்கிற பக்கம் அவர். நானும் கலைக்க மாட்டேன், தோற்கிற நேரத்தில் காயைக் கலைப்பது ஒழுங்கீனம். ஆகவே முறைப்படி செய்தேன். செல்போனில் கட்டத்தை மேலிருந்து படம் எடுத்தேன். காய்களின் மேல் ஏலக்காய்க் கூடை ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் இருவருமாகப் பிடித்து ஒரு கல்லைத் தூக்கி வைத்தோம். அரக்கு முத்திரை ஒன்றுதான் பாக்கி. கறிக்குழம்பு சாப்பிடும்போது கதவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். பாறைப் பக்கம் ஒரு காக்கா கூட வரவில்லை. பரிமாறிய தங்கையும் வீட்டை விட்டு இறங்கவில்லை.

திரும்பிப் போனோம். கூடை அப்படியே, கல் அப்படியே. எடுத்தோம். புலியை நகர்த்தக் கையை நீட்டிய மாப்பிள்ளை, நீட்டியபடியே நின்றுவிட்டார்.

"மச்சான், இது என்ன வேல?"

நான் சொன்னேனே, அந்தக் காலி இடம், அதில் ஓர் ஆடு உட்கார்ந்திருந்தது. மூலையில் சும்மா கிடந்த ஆடு. மூலை காலி. மூன்று புலியும் அசைய வழியில்லாமல் அடைபட்டுவிட்டன.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. முறை யாருடையது? மாப்பிள்ளையுடையது! அப்படியே என் முறை என்றாலும், மூலையிலிருந்து அந்த இடத்துக்கு ஒரே நகர்த்தலில் எந்த ஆடும் வர முடியாது. எனக்குச் சாதகமாக நடந்தால் மட்டும் அது ஒழுங்காகிவிடுமா? அந்தக் கொட்டையைத் தொட்டேன். பாறை உள்ளங்காலைப் பொசுக்குகிறது, மற்ற கொட்டையெல்லாம் சுடுகிறது, இது மட்டும் ஈரமாய், ஆழத்துத் தண்ணீரிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி சில்லென்று இருந்தது.

"ஆதாரம் இருக்கு மாப்ளே," என்று செல்போனைத் திறந்தேன்.

படத்தில் மூலை காலியாக இருந்தது. ஆடு அந்த இடத்தில்தான் இருந்தது.

நான் எடுத்த படம். ஓரத்தில் எங்கள் கால்விரல்கள் கூடத் தெரிகின்றன. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஞாபகம் பிசகியிருக்கும் என்பீர்கள். தின்னப்போகிற ஆட்டை நினைத்துக்கொண்டே மூன்று தரம் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டவருக்கு ஞாபகம் பிசகுமா?

சத்தம் கேட்டு ராஜேஸ்வரி இறங்கி வந்தாள். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "அண்ணிதாண்ணே. உங்கள அனுப்ப அவங்களுக்கு மனசில்ல."

மாப்பிள்ளை பாறையைப் பார்த்துக் கும்பிட்டேவிட்டார், படித்த மனிதர்! "நான் தோத்துட்டேன் மச்சான். நீங்க இங்கயே இருங்க."

"தோக்கல! இந்த ஆட்டம் செல்லாது. ஆட்ட எடுத்து மூலையில வச்சிட்டு உங்க முறைய ஆடுங்க."

"நீங்க வேணா அது கூட ஆடுங்க. எனக்குப் பஸ்சுக்கு நேரமாச்சு."

இன்னும் நாலு நாள் இருக்க வேண்டியவர்கள் அன்றே கிளம்பிவிட்டார்கள். இப்போது சொந்தக்காரர்கள் நடுவில் இதுதான் பேச்சு, செத்த பிறகும் புருஷனை விட்டுக்கொடுக்காத பத்தினி என்று. மகளும் நம்பிவிட்டாள். ஒருவராவது என்னிடம் விசாரித்தார்களா?

விசாரித்திருந்தால் சொல்லியிருப்பேன். என் மனைவிக்கு இந்த ஊரும் பிடிக்காது, ஆறும் பிடிக்காது. "இந்தக் கொசுவுக்கு என்னத் தின்னக் குடுத்துட்டு நீங்க பாறையில போய் உக்காந்துக்கிருங்க," என்று தினமும் ஒரு பாட்டு. படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்கப்புறம் இங்க தனியா இருக்காதீங்க. மகட்டப் போயிருங்க." ஆடுபுலியில் எது ஆடு எது புலி என்று கூட அவளுக்குத் தெரியாது. அவள் வந்திருந்தால் அந்த ஆட்டைப் புலி வாயில் அவளே தள்ளிவிட்டு என்னைப் பஸ் ஏற்றியிருப்பாள்.

அப்படியானால், நான் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று நினைக்கிறது யார்?

அந்தப் புளியங்கொட்டைகளை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடிச் சமையலறை சன்னலில் வைத்திருந்தேன். எல்லாம் ராஜேஸ்வரி வாணலியில் கருக வறுத்தவை. பச்சைக் கொட்டையில் வண்டு விழும் என்று அவள் ஆட்டத்துக்கு எப்போதும் வறுத்துத்தான் கொடுப்பாள். ஆடி மாதம் பாட்டிலைத் தற்செயலாகப் பார்த்தேன். ஒரு கொட்டை முளைவிட்டிருந்தது. வறுத்த விதை. மண் இல்லை, தண்ணீர் இல்லை, மூடி இறுக்கமாக இருக்கிறது. மற்றவையெல்லாம் ஆட்டினால் கலகலவென்கின்றன. இது இப்போது இலை விட்டுவிட்டது.

நட எனக்கு மனமில்லை, தூக்கி எறியக் கை வரவில்லை. மகள் வாராவாரம் போன் பண்ணுகிறாள். அம்மாவே தடுத்தாலும் பரவாயில்லை, வந்துவிடுங்கள் என்கிறாள். ஆட்டம் செல்லாது என்பதால் நான் போவதற்குச் சட்டப்படி எந்தத் தடையும் இல்லை. போனவாரமும் "எப்பப்பா வர்றீங்க?" என்று கேட்டாள். வாயைத் திறந்தேன், கண் தானாகப் பாட்டில் பக்கம் போய்விட்டது. பதில் சொல்வதற்கு நான் யாரிடமோ உத்தரவு கேட்கிற மாதிரி.