பெரிய நட்சத்திரங்களை விட்டுவிட்டோம்

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், என்னிடம் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி வாசனை எண்ணெய்க் கடை வைத்திருக்கிறாள். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்தான் வாடிக்கை. போன வாரம் அந்தப் பக்கம் போன என்னை "வாங்க மிஸ், உக்காருங்க" என்று பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு சின்னச் சீசாவைத் திறந்து என் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டாள். "தேவதாரு எண்ணெய் மிஸ். மோந்து பாருங்க, மனசு அப்படியே அமைதியாயிடும்." மோந்து பார்த்தேன். அமைதியெல்லாம் ஆகவில்லை, மணிக்கட்டை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். மன அமைதிக்காகக் கடல் தாண்டி இந்த ஊருக்கு வருகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது வாய்க்கவில்லை, என்ன செய்வது.

அந்த எண்ணெயை மூன்று வருஷம் தினமும் துடைத்தவள் நான். மைக்ரோஸ்கோப்பில் மிகச் சின்னதைப் பார்க்க வேண்டும் என்றால் லென்சுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு சொட்டு தேவதாரு எண்ணெய் விட வேண்டும். விட்டால்தான் தெளிவாகத் தெரியும். வேலை முடிந்ததும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். வீட்டுக்குப் போனாலும் கையில் அந்த வாசனை இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் ரசத்தில் எல்லாம் அதுதான். "இன்னாடி இது, கோயில் பீரோ மாதிரி வாசனை வருது உம்மேல" என்பாள் அம்மா. பி.எஸ்சி. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ஒருத்தி கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தகட்டைப் பார்க்கப் போகிறாள் என்பதை அம்மா யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. லேபில் வேலை என்று மட்டும் சொல்வாள். கேட்டவர்கள் ரத்தப் பரிசோதனை என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் என்னிடம் சர்க்கரை பார்க்கவும் வந்தார்கள்.

தகடுகளைக் கொண்டு வந்தவர் தணிகாசலம் சார். கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்குப் பதிந்திருந்தார். இந்த ஊரில் இருந்துகொண்டு அணுக்கரு ஆராய்ச்சி என்றால் சிரிப்பார்கள், சிரிக்கவும் செய்தார்கள். ஆனால் அதற்கு ஒரு வழி இருந்தது. வெளிநாட்டில் பெரிய எந்திரம் ஒன்றில் புரோட்டான்களைப் படுவேகமாக ஓடவிட்டு, கண்ணாடித் தகடுகளில் பாய்ச்சுவார்கள். தகட்டின் மேல் போட்டோ பிலிமில் பூசுகிற மருந்து கொஞ்சம் தடிமனாகப் பூசியிருக்கும். புரோட்டான் போன வழியெல்லாம் கறுப்புப் பொட்டுகளாக விழுந்து, கழுவியதும் கோடாக நின்றுவிடும். அந்தத் தகடுகள் பெட்டியில் அடைத்து நாடு நாடாகப் போகும். எந்திரம் அவர்களிடம், கண் நம்மிடம். சார் அந்தப் பெட்டியை வேலூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். "சாமி படமா சார், மேல வைங்க" என்று கண்டக்டர் சொல்லியும் கொடுக்கவில்லையாம்.

நாங்கள் பார்த்தது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நான் செய்தது புரியாது. புரோட்டான் மருந்துக்குள் இருக்கும் ஏதாவது ஒரு அணுக்கருவில் நேராக மோதினால் அது சிதறி, ஒரு புள்ளியிலிருந்து நாலாப் பக்கமும் கோடுகள் கிளம்பும். அதற்கு நட்சத்திரம் என்று பெயர். அந்தச் சிதறலில் சில சமயம் மீசான் என்கிற துகள் பிறக்கும். மோதலுக்கு முன்னால் அது எங்கேயும் இருந்ததில்லை, அந்த நொடியில்தான் உண்டாகிறது. இதை முதலில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது, இப்போதும்தான். இன்னும் சில புரோட்டான்கள் எதையும் உடைக்காது. அணுக்கரு ஒன்றை உரசினாற்போலப் போய் லேசாகத் திரும்பும். கோட்டில் ஒரு துளி வளைவு, அவ்வளவுதான். நட்சத்திரம் யார் கண்ணுக்கும் தெரியும். வளைவைப் பிடிப்பதுதான் கஷ்டம். சாருக்கு அந்த வளைவுகள்தான் உயிர்.

ஒரே தகட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. ஒருத்தி எழுதியதை மற்றவள் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. சார் முதல் நாளே ஒரு முறம் அரிசியை வைத்து விளக்கினார். "நீங்க ஒரு தடவை கல்லைப் பாத்து எண்றீங்க. அப்புறம் அவங்க எண்றாங்க. ரெண்டு பேரும் பாத்த கல்லு எவ்ளோ, ஒருத்தர் மட்டும் பாத்தது எவ்ளோன்னு தெரிஞ்சா, ரெண்டு பேருமே பாக்காம விட்டது எவ்ளோன்னு கணக்குப் போட்டுடலாம். உங்களுக்குள்ள வித்தியாசம் இருந்தாதான் எனக்கு வேலை. நூத்துக்கு நூறு ஒத்துப்போச்சுன்னா நான் தொலைஞ்சேன்." நாங்கள் சிரித்தோம். வித்தியாசம் வந்தால் சந்தோஷப்படுகிற முதலாளியை அதற்கு முன்னால் நாங்கள் பார்த்ததில்லை.

அந்த இன்னொருத்தி மும்தாஜ். தேரடித் தெருவில் அவள் அத்தாவுக்கு ஜவுளிக்கடை. அவர்கள் குடும்பத்தில் வேலைக்கு வந்த முதல் பெண். காலையில் அண்ணன் மொபெட்டில் கொண்டுவந்து விடுவார், சாயங்காலம் வாசலில் வந்து நிற்பார். ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டிய அந்த அறைக்குள் வந்ததும் அவள் முகமே வேறு. வாய் ஓயாது. சார் வெளியே போனதும் அவர் நடையை நடந்து காட்டுவாள். என்னைவிட வேகமாகவும் பார்ப்பாள், நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டாவது வருஷம் அவளுக்குக் கண் மக்கர் செய்தது. காலையில் ஒன்றும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தலைவலி, கண்ணில் தண்ணீர். "கோடெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுடி" என்றாள். டாக்டரிடம் போ, கண்ணாடி போட்டுக்கொள் என்றேன். "உனுக்கு இன்னா, ஈசியா சொல்லிட்ட. கண்ணு கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே வேலைய விடச் சொல்லிடுவாரு அத்தா. அடுத்த மாசம் மாப்பிள்ளை பாத்துடுவாங்க. கொறைஞ்சது ஒரு ரெண்டு வருசமாவது இங்க இருந்துட்டுப் போறேன்டி." அவள் சத்தமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று மத்தியானம் என் நோட்டைத் திறந்து, நான் கண்டுபிடித்தவற்றின் இடங்களை அவளுக்கு மெதுவாகப் படித்தேன். அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். எதையெல்லாம் சொல்லிக் கொடுத்தேன் என்று மறக்காமல் இருக்க, என் நோட்டின் ஓரத்தில் ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்தேன். என் கண் நன்றாக இருக்கிறது என்கிற கர்வமும் இருந்தது, அதை மறைப்பானேன். பிறகு தினமும் மத்தியானம் அதுவே வழக்கமாகிவிட்டது.

முழுக்க ஒத்துப்போகக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியுமே. அதனால் பரீட்சையில் காப்பியடிக்கிற பிள்ளைகள் போல, நடுநடுவே நாலைந்தை விட்டுவிடுவது என்று முடிவு செய்தோம். எதை விடுவது? மும்தாஜ்தான் சொன்னாள். "வளைவ விடாதடி. பாவம், அது ஒண்ணு கெடைச்சா சார் மூஞ்சி எப்பிடி ஆவுது பாத்தியா. நட்சத்திரம் எம்மாம் வேணாலும் கெடக்குது, அதுல விடு." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. சார் மேல் இருந்த பிரியத்தில், பெரிய பெரிய நட்சத்திரங்களாகப் பார்த்து விட்டுவிட்டோம்.

ஆராய்ச்சி முடிந்து, ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, பைண்டு செய்தும் ஆகிவிட்டது. கடைசியாக ஏதோ ஒரு அட்டவணையைச் சரிபார்க்க எங்கள் நோட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார் சார். மும்தாஜ் அன்று வரவில்லை. என்னைக் கூப்பிட்டார். "இங்க பாரும்மா. இது பன்னெண்டு கோடு கெளம்பற நட்சத்திரம். பச்சக் கொழந்தைக்கும் தெரியும். மும்தாஜ் இதை விட்டுட்டாங்க. இதுக்குப் பக்கத்துல இருக்கிற வளைவு, எனக்கே மூணு தடவை பாத்தாதான் தெரியுது, அதைப் புடிச்சிருக்காங்க. ஒரு எடத்துல இல்லம்மா, நெறைய எடத்துல இப்படி. எப்படிம்மா?"

"தெரியலைங்க சார்" என்றேன். அவர் வகுப்புக்குப் போனார். நான் என் நோட்டை எடுத்து, ஓரத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாக ரப்பரால் அழித்தேன். அரசுப் பள்ளி ஆசிரியை வேலைக்கு அப்போது விண்ணப்பித்திருந்தேன். அவர் நற்சான்று தர வேண்டும். அதுதான் காரணம், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

மறுநாள் மும்தாஜ் வந்தாள். சார் கேட்டதும், நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டாள். "நான்தான் சார். அவங்களுக்குத் தெரியாம அவங்க நோட்டை எடுத்துப் பாத்து எழுதிட்டேன்." எனக்குத் தெரியாமலாம். சார் அவள் நோட்டைப் புரட்டினார். "எல்லாமேவாம்மா?" என்றார். "இல்லீங்க சார். காலைல எழுதினதெல்லாம் என் கண்ணால பாத்ததுதான். மத்தியானம் மட்டும்தான்." "எது காலை, எது மத்தியானம்?" அதைப் பிரித்துக் காட்ட அவள் நோட்டில் ஒன்றும் இல்லை. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. புள்ளிகளைப் பற்றி அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன் என்பதும் தெரியும். என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நான் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடியில் தகடு இல்லை.

அவள் போன பிறகு சார் என்னிடம் வந்தார். "தகட்டை ரெண்டு மாசத்துல திருப்பி அனுப்பணும்மா. எந்தெந்தப் பக்கம் மத்தியானம்னு தெரிஞ்சா போதும். அதை மட்டும் நானே திரும்பப் பாத்துடுவேன். எல்லாத்தையும் பாக்க நேரமில்ல. உங்களுக்கு எதுனா ஞாபகம் இருக்கா?" இருந்தது. முந்தின நாள் அழித்தவை அத்தனையும் கண்ணுக்குள் இருந்தன. "இல்லைங்க சார்."

ஆய்வேட்டை அவர் சமர்ப்பிக்கவில்லை. சமர்ப்பித்திருந்தால் ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அவராகவே பார்த்தார், அவராகவே நிறுத்தினார். தகடுகள் திரும்பிப் போயின. அவரிடம் படித்தவர்கள் டாக்டர் பட்டம் வாங்கி அவருக்கே துறைத்தலைவராக வந்தார்கள். கடைசி வரை விரிவுரையாளராகவே இருந்து ஓய்வு பெற்றார். மும்தாஜை அந்த வருஷமே வாணியம்பாடியில் கட்டிக் கொடுத்தார்கள். எனக்கு நற்சான்று கிடைத்தது, வேலையும் கிடைத்தது. 'நேரத்துக்கு வருபவர், கூர்மையான பார்வை உள்ளவர்' என்று இரண்டே வரி எழுதியிருந்தார். நானே டீச்சராகிப் பிள்ளைகளுக்குச் சான்று எழுத ஆரம்பித்த பிறகுதான், அதில் என்ன வார்த்தை இல்லை என்பது எனக்கு உறைத்தது.

சில வருஷங்களுக்கு முன் அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு காலையில் சார் நடந்து வந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நிறுத்தி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புள்ளிகள், ரப்பர், எல்லாம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்ட வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது. அவர் கேட்டுக்கொண்டு, "அன்னிக்குச் சொல்லியிருந்தா உபயோகப்பட்டிருக்கும்மா" என்றார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு நடந்தார். அதற்கடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார்.

அந்த அறையில் இப்போது கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. மைக்ரோஸ்கோப்புகளைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏலம் விட்டார்கள். தகடு பார்க்கிற வேலையையும் இப்போது எந்திரமே செய்கிறதாம், அதற்குத் தலைவலி வராது. எங்கள் நோட்டுகள் பழைய பேப்பரோடு போயிருக்கும். மும்தாஜ் தன் கண்ணாலேயே பார்த்து எழுதிய காலை நேரத்துப் பக்கங்களும் அவற்றோடு போய்விட்டன. அவை பொய்யில்லை என்று பிரித்துச் சொல்ல உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். போன வாரம் எண்ணெய்க் கடையிலிருந்து வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, எந்தப் பக்கம் எது என்று யோசித்துப் பார்த்தேன். அன்று சாரிடம் ஞாபகம் இல்லை என்று பொய் சொன்னேன். இப்போது நிஜமாகவே ஞாபகம் இல்லை.