‘செத்த நேரம்’ அச்சுப்பிழை அல்ல

பிள்ளைகளே,

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் உங்கள் அத்தையின் பாட்டு இருக்கிறது. அதில் ‘செத்த’ என்ற சொல் நான்கு இடத்தில் வரும். அது அச்சுப்பிழை அல்ல. யாராவது பிழை என்று சொன்னால் அச்சகத்துக்காரரைக் குறை சொல்ல வேண்டாம், பொறுப்பு என்னுடையது. அப்படி எழுதித் தருகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நடை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தை பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பக்கத்துத் தெருவில். எனக்கு ஆறு வயது மூத்தவர்கள். உங்கள் தாத்தா பால்கோவா கிண்டும் வேலை பார்த்தார். பெரிய இரும்புச் சட்டியில் பால் கொதித்துக்கொண்டிருக்கும். தாத்தா துடுப்பை விடாமல் போட்டுக் கிண்டிக்கொண்டிருப்பார். நானும் அத்தையும் அடுப்புக்கு எதிரே நின்று, “ஆயிருச்சாப்பா?” என்று கேட்போம்.

“செத்தப் பொறுங்க” என்பார்.

மறுபடி கேட்டால் மறுபடியும் செத்தப் பொறுக்க வேண்டும். அந்தச் செத்த நேரம் சில நாள் ஒரு மணி நேரம்கூட ஆகும். கடைசியில் சட்டியின் ஓரத்தில் ஒட்டியதைச் சுரண்டி, ஆளுக்கு ஒரு உருண்டை உள்ளங்கையில் சூட்டோடு வைப்பார். ‘செத்த நேரம்’ என்றால் ஊருக்குக் கொஞ்ச நேரம் என்று பொருள். எங்கள் இருவருக்கும் இனிப்பு வரப்போகிறது என்று பொருள்.

பாட்டு எப்போது வர ஆரம்பித்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தாத்தா துடுப்புப் போடுகிற சத்தத்துக்கு ஏற்ற மாதிரி அத்தை ஏதாவது வார்த்தை வைத்து முனகிக்கொண்டே இருப்பார்கள். அத்தையின் பாட்டு எல்லாவற்றிலும் முதல் இரண்டு வரி மெதுவாக, பால் சுண்டுகிற மாதிரிதான் போகும். நடுவில் திடீரென்று ஓர் இடத்தில் நின்றுவிடும். புதிதாகப் பாடுகிறவர்கள் அந்த இடத்தில் தடுமாறுவார்கள். நானும் தடுமாறி, “ஏன்க்கா இங்க நிக்கணும்?” என்று கேட்டேன்.

“தேரு முக்குத் திரும்புதுலே. நிக்காமத் திரும்புமா?” என்றார்கள்.

ஆடி மாதம் தேர் தெரு முக்குக்கு வந்ததும் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்துவார்கள். அம்புட்டுக் கூட்டமும் வடத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும். பிறகு சத்தம் போட்டு இழுக்கும். அது அப்படியே பாட்டுக்குள் ஏறியிருக்கிறது.

கல்யாணமாகி ராஜபாளையம் வந்தார்கள். மாமா பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை பார்த்தார். அத்தையும் அங்கேயே நூல் சுற்றும் வேலையில் சேர்ந்தார்கள். தறிகள் ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நின்று கத்தினால்தான் காது கேட்கும். அங்கே மெதுவாகப் பாட முடியுமா? அதனால் பாட்டின் பின்பாதி தறியைப் போல ஓட ஆரம்பித்தது. “ஏலே, எம் பாட்டுக்குப் பொறந்த வீடும் இருக்கு, புகுந்த வீடும் இருக்கு” என்று சொல்லிச் சிரிப்பார்கள். பேண்டேஜ் அடைக்கிற அட்டைப் பெட்டியைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் எழுதுவார்கள். அந்த அட்டைகள் ஒரு சாக்கு நிறைய என்னிடம் இருக்கின்றன.

காதுகுத்து, வளைகாப்பு, முளைப்பாரி என்று யார் கேட்டாலும் பாட்டு உண்டு. தறிக்கூடத்தில் இருந்த ஒரு கிறிஸ்தவ சகோதரி கிறிஸ்துமஸுக்குப் பாட்டு கேட்டார். அத்தை எழுதியதில் மேய்ப்பர்கள் பாலகனைப் பார்க்கப் பால்கோவா கொண்டு போவார்கள். “இது வேதத்துல இல்லையேக்கா” என்று அந்தச் சகோதரி தயங்கியபோது, “பச்சப் பிள்ளைக்குப் பொன்னு எதுக்கு, சாம்பிராணி எதுக்கு? வாயில வைக்க ஏதாச்சும் குடுக்க வேண்டாமா?” என்றார்கள். பாதிரியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அப்படியே பாடச் சொன்னார்.

இப்போது அந்தப் பாட்டுக்கு வருகிறேன். அத்தையின் பக்கத்து வீட்டார் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்த வீட்டு மகளின் கல்யாணத்தில், பெண் காரில் ஏறும்போது பாடுவதற்காக எழுதியது.

*செத்த நேரம் நில்லு தாயி*
*சேலைமடிப்பு கலையலையே*
*மத்த வண்டி போகட்டும்*
*மலையிறங்கி மழை வரட்டும்*

பெண்ணின் அம்மா கேட்டுவிட்டு, “ஏன் வதினா, எம் பிள்ளையப் பாத்துச் செத்தங்கியே. எங்க பாஷையில அது குப்பைல்லா?” என்று கேலி செய்தார்.

“குப்பையும் லட்சுமிதான். வீட்டுக்கு லட்சுமி போறான்னு வச்சுக்கோ” என்றார்கள் அத்தை.

நான் அப்போது பஞ்சாலையில் ஃபிட்டர். மதுரையில் கல்யாணப் பாட்டுக் கேசட் போடுகிற ஒருவரை எனக்குத் தெரிந்தவர் மூலம் பிடித்தேன். அத்தையின் பெயர் கேசட்டில் வரப்போகிறது என்று மில் முழுக்கச் சொல்லிவிட்டேன். லீவு போட்டு அழைத்துக்கொண்டு போனேன். சுவரெல்லாம் பஞ்சு வைத்த அறை. அவர் பாட்டைக் கேட்டார். பிடித்துப்போனது.

“ஒரே ஒரு வார்த்தைதான்மா இடிக்குது. எங்க வீட்லயும் செத்த நேரம்னுதான் பேசுவோம். ஆனா கேசட்டு கோயம்புத்தூரு, சேலம்னு போகும். கல்யாண வீட்ல ‘செத்த’ன்னு கேட்டா முகம் சுழிப்பாங்க. ‘சற்று’ன்னு மாத்திக்கிடுங்க” என்றார்.

மரியாதையாகத்தான் சொன்னார். நானும் அவர் பக்கம் நின்றுகொண்டு, “பாடுக்கா, மூணெழுத்துதான” என்றேன்.

அத்தை மைக் முன்னால் நின்று, “சற்று நேரம் நில்லு தாயி” என்று ஆரம்பித்தார்கள். சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் முறையும் சிரிப்பு. மூன்றாம் முறை மைக்கை விட்டு விலகி நின்றார்கள்.

“தப்பா நெனைக்காதீக ஐயா. சற்று நேரம்னாலே ரயில்வே ஸ்டேஷன்ல சொல்லுத மாதிரி இருக்கு. நான் பிள்ளைய வழியனுப்புதேனா, ரயில வழியனுப்புதேனா?”

அவரும் சிரித்தார். ஆனால் அந்தப் பாட்டைச் சேர்க்கவில்லை. வேறு பாட்டு தரச் சொன்னார். அத்தை, “பொறவு பாப்போம்” என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மில்லில் எந்த முகத்தோடு போவது? ஊர் திரும்பும் பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். கல்லுப்பட்டியில் ஜன்னல் வழியாக வெள்ளரிப்பிஞ்சு வாங்கி நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். “சற்றுத் தின்னுலே” என்றார்கள். சிரிப்பு வந்தது. அதைக் காட்டக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“ஒரு வார்த்தைக்காகப் பேரை விட்டுட்டயேக்கா” என்றேன்.

“நம்ம அப்பா துடுப்பக் கையில வச்சுக்கிட்டு ‘சற்றுப் பொறு’ன்னா சொன்னாரு?” என்று கேட்டார்கள். ஆனாலும் என் கோபம் தீரவில்லை. ஒரு மாதம் அத்தை வீட்டுக்கே போகாமல் இருந்தேன்.

பிறகு செட்டியார்பட்டியில் மில் நண்பர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். பெண் காரில் ஏறிவிட்டாள். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். தறிக்கூடத்துப் பெண்கள் நாலைந்து பேர் காரைச் சுற்றி நின்று, அத்தையின் பாட்டை ஆரம்பித்தார்கள். “செத்த நேரம் நில்லு தாயி” என்றதும் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார். யாரும் சொல்லவில்லை, அவராகவே அணைத்தார். பாட்டு முக்குத் திரும்புகிற அந்த நிறுத்தத்தில் தெருவே சத்தமில்லாமல் நின்றது. பெண்ணின் தகப்பனார் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். “வாலே, கோவம் ஆறிருச்சா?” என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, சாப்பாடு போட்டார்கள்.

அதன் பிறகு அந்தப் பாட்டு தானாகவே நடந்து தேவதானம் போனது, கூமாப்பட்டி போனது. பாட்டு முடியாமல் வண்டி கிளம்பக்கூடாது என்று ஒரு வழக்கமே ஆகிவிட்டது. யார் எழுதியது என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. கூமாப்பட்டியில் ஒரு கல்யாணத்தில் அத்தையும் சேர்ந்து பாடியபோது, பக்கத்தில் நின்ற பெண், “மதினி, தப்பாப் படிக்கியளே. இது எங்கூருப் பாட்டு. நான் சொல்லுதேன், கேட்டுக்கோங்க” என்றார். அத்தை தலையை ஆட்டி ஆட்டிக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதைப்போல அவர்கள் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்கள்.

மாமா காலமான பிறகு அத்தை நம் வீட்டோடு இருந்தது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, நீங்கள் மூன்று பேரும்தான். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பார்வை நேரம் முடிந்தது என்று வெளியூர் நர்ஸ் பெண் உங்களை வெளியே போகச் சொன்னாள். “செத்த நேரம் இருந்துட்டுப் போகட்டும்மா” என்றார்கள். அந்தப் பெண் பதறி, “ஆஸ்பத்திரியில அந்த வார்த்தையெல்லாம் சொல்லாதீங்கம்மா” என்றாள். அத்தை இருமல் வரும்வரை சிரித்துவிட்டு, அவளுக்கு அந்தப் பாட்டையே பாடிக் காட்டினார்கள். மறுநாள் ட்ரிப்ஸ் மாற்றும்போது அவள் அதை முனகிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

போன வாரம் இந்த மலரின் புரூஃப் வந்தது. நான்கு ‘செத்த’வும் ‘சற்று’ ஆகியிருந்தது. அச்சகத்துக்காரர் நல்லெண்ணத்தில் திருத்தியிருந்தார். சொந்தக்காரர் ஒருவர் போனில், “அண்ணே, இறந்தவங்க மலர்ல செத்தன்னு போடுறது எப்படிண்ணே?” என்றார். நம் மூத்தவள்கூட, “பாக்கிறவங்க என்னப்பா நெனைப்பாங்க?” என்று கேட்டாள்.

சிவப்புப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதுரையில் நான் யார் பக்கம் நின்றேன் என்பது நினைவுக்கு வந்தது. நான்கையும் மறுபடி ‘செத்த’ என்றே திருத்தினேன். அத்தை உள்ளே இருந்திருந்தால், “ஒனக்கு எம் பக்கம் வர இம்புட்டு நாளாச்சாலே” என்று கேட்டிருப்பார்கள்.

அத்தைக்குக் கடைசிவரை கஞ்சி கொடுத்துவிட்ட பழைய பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவுக்கும், ராத்திரி பகல் பாராமல் பார்த்துக்கொண்ட அந்த நர்ஸ் பெண்ணுக்கும், வேலையை விட்டுவிட்டு ஓடிவந்த தறிக்கூடத்தார் அனைவருக்கும், என் பேச்சைக் கேட்டு மறுபடி அச்சுக்கோத்த தம்பிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிக் காரியத்துக்கு வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் நம் வழக்கம். அப்படியே போங்கள். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் தறிக்கூடத்துப் பெண்கள் வாசலில் நின்று முதல் பக்கத்துப் பாட்டைப் பாடுவார்கள். செத்த நேரம் நில்லுங்கள். வண்டி கொண்டு வந்தவர்கள் என்ஜினை அணைத்துவிடுங்கள்.