மூலைக்கல் இருந்த இடம்

அருள்மேரி எடுத்த கல்யாணப் படங்களில் ஒரு பிளாஸ்டிக் வாளியோ, சுவரில் சாய்த்த துடைப்பமோ, மணமேடைக்குப் பின்னால் வாயைத் திறந்தபடி தூங்கும் மாமா ஒருவரோ எப்படியும் வந்துவிடும். சேலையூரில் ஸ்டுடியோ வைத்திருந்த காலம் முழுக்க இதற்காக அவள் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை. "அந்த வாளிய கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு எடுத்திருக்கக் கூடாதாம்மா?" என்று ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் கேட்பார்கள். "அது அங்கதானே இருந்திச்சு" என்பாள். தான் எவ்வளவு வேண்டுமானாலும் நகர்வாள். நாற்காலி மேல் ஏறுவாள், ஈரத்தரையில் முழங்காலிடுவாள். பொருளைத் தொடமாட்டாள். அவளைப் பிடிவாதக்காரி என்று சொன்னவர்களில் பலர் அவள் அடக்கத்துக்கு வந்து, கல்லறைத் தோட்டத்தில் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

அந்தப் பிடிவாதம் பிறவிக்குணம் இல்லை. போட்டோகிராபி படித்துக்கொண்டிருந்த நாளில் அவள் ஒரு கல்லை நகர்த்தினாள்.

1989 ஐப்பசி மாதம். அஸ்தினாபுரத்தில் வீடு. அப்பா குரோம்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அக்கா பேபி தாம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். அக்கா சம்பளத்தில் வாங்கிய பழைய கேமராவும் அதனோடு வந்த ஒரே லென்ஸும்தான் அருள்மேரியின் சொத்து. கடைசி வருடப் படிப்புக்கு இரண்டு தொகுப்புகள் தரவேண்டும்: ஒன்று நகரக் காட்சிகள், மற்றது கிராமக் காட்சிகள்.

நகரம் சிரமம் தரவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் மேல் காலையில் நின்றால் போதும். தண்டவாளங்களும் தலைகளும் தாமாகவே படத்துக்குள் வந்து அமர்ந்தன. கிராமம்தான் கைக்கு அகப்படவில்லை. மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் என்று சுற்றியதில் எங்கே வயல் தெரிந்ததோ அங்கே ஒரு மின்கம்பமும் தெரிந்தது. எங்கே ஏரி விரிந்ததோ அங்கே 'வீட்டுமனைகள் விற்பனைக்கு' என்ற பலகையும் நின்றது. அவள் ஆசிரியர் ஸ்ரீநிவாசராகவன் நல்ல மனிதர், ஆனால் கறாரானவர். படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் தந்தார்.

"இது கிராமம் இல்லம்மா. ஆன்டெனா இருக்கு, போர்டு இருக்கு. நகரம்னும் சொல்ல முடியல. ரெண்டுங்கெட்டானா இருக்கு."

அவள் பிறந்து வளர்ந்த ஊர் அதுதான். அதை அவரிடம் சொல்ல அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. வெட்கமாக மட்டும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பேபியின் லூனாவில் கேமரா முக்காலியைக் கட்டிக்கொண்டு இருவரும் பெரும்பாக்கம் போனார்கள். வண்டிப்பாதை ஓரத்தில் இரண்டு பனைமரங்கள். அதற்கப்பால் கோரைப்புல் முளைத்த தரிசு நிலம். வலது கோடியில் ஓர் ஓடை. தூரத்தில், சதுப்புக்கு மேல், மேகம் இடிந்து விழுவதுபோல் கவிந்திருக்க, அதன் அடியிலிருந்து வெயில் சாய்ந்து வந்தது. அருள்மேரி முக்காலியை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"இன்னாடி, கிராமம் கெடச்சிட்டுதா?" என்றாள் பேபி.

"கெடச்சிட்டுது. கல்லப் பாரு."

புல்லுக்கு நடுவே நான்கு மனைக்கற்கள் சுண்ணாம்பு பூசிக்கொண்டு பல்லைக் காட்டின. ஒன்றின் தலையில் மட்டும் சிவப்பு பெயின்டில் பெருக்கல் குறி போட்டிருந்தது. இருந்தாலும் மனசு கேட்காமல், பனைமரத்தடியிலிருந்து ஒன்றும் ஓடைக்கரை மேலிருந்து ஒன்றும் எடுத்தாள். இரண்டிலும் கற்கள்தான் முதலில் கண்ணில் பட்டன.

"அக்கா, மண்ணு ஈரமாத்தான் இருக்கு. புடுங்கிட்டு, எடுத்துட்டு, திரும்ப நட்டுடலாமா?"

"ஏண்டி, யாராச்சும் பாத்தா?"

"பாத்தா என்ன, தூக்கிட்டா போறோம்?"

நான்கு கற்களையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கிப் புல்லுக்குள் படுக்கவைத்தார்கள். அருள்மேரி பனைமரத்தடிக்கு ஓடி, தூரத்து மின்கோபுரமும் மோட்டார் கொட்டகையும் பனைக்குப் பின்னால் மறையும்படி தள்ளி நின்றாள். அந்த ஒரு படம், வெறும் புல்லும் ஒளியும் மேகமுமாக, விழுந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூன்று குழிகள் தெரிந்தன. மூன்று கற்களையும் நட்டார்கள். சிவப்புக்குறிக் கல்லின் குழி மட்டும் தண்ணீருக்குள் மறைந்துவிட்டது.

"இங்கதான்" என்றாள் பேபி, சேலைத் தலைப்பால் கேமராவை மூடியபடி. "ஒரு சாண் இப்டி அப்டி இருந்தா குடி முழுகிடாது. நடு, போலாம்."

ஸ்ரீநிவாசராகவன் அந்தப் படத்தைக் கிராமத் தொகுப்பில் முதலாவதாக வைத்தார். "இதுதாம்மா நான் கேட்டது" என்றார்.

மழை ஓய்ந்த ஒரு வாரத்தில், நீர் தேங்கிய அதே நிலத்தை எடுக்க இருவரும் மறுபடி போனார்கள். பனைமரத்தை அடையும் முன்பே கூச்சல் கேட்டது. கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் அளவு டேப்போடு நின்றார். அவர் சம்பத், அந்த நிலம் அவருடைய அப்பா உழுதது, இப்போது அவர் மனை போட்டு விற்பது. பக்கத்தில் குடையோடு வங்கி ஊழியர் கஸ்தூரிரங்கன். அவர் வீட்டுக்குத் தோண்டிய கடைக்கால் பள்ளம் பாதியில் கிடந்தது. பள்ளத்துக்குள்ளேயே இறங்கி நின்றுகொண்டு ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள்.

"என் மனைல இன்னாத்துக்குய்யா நோண்டற? இது என் எடம்!"

"செல்லம்மா, வெளிய வா. டேப்பு பொய் சொல்லுமா? மூலைக்கல்லுலேர்ந்து அளந்துகினு வந்தா சாரோட மனை இங்க வர்து. உன்து அந்தாண்ட கீது."

"அந்தாண்ட ஓடை கீதுய்யா! நான் இன்னா தவளையா, தண்ணில குடித்தனம் பண்ண?"

செல்லம்மா தாம்பரம் யார்டில் ரயில் பெட்டி கழுவுகிறவள். வரிசையின் கடைசி மனை, ஓடையை ஒட்டியது, அதனால் விலை குறைவு, தவணையில் வாங்கியிருந்தாள். இப்போது அளந்தால் அதில் ஒரு பெரிய பங்கு ஓடைக்குள் போய்விட்டிருந்தது. மற்றக் கற்கள் மாடு முட்டியும் வண்டி ஏறியும் சாய்ந்துவிடும் என்பதால் சம்பத் எப்போதும் சிவப்புக்குறி போட்ட மூலைக்கல்லிலிருந்துதான் அளப்பார். அதை நம்பி மற்றக் கற்களையும் அன்று காலையில் பிடுங்கி மாற்றி நட்டுவிட்டார். நாளைக்குக் கான்கிரீட் போட ஆள் வருகிறது.

அருள்மேரி சிவப்புக்குறிக் கல்லைத் திரும்பிப் பார்த்தாள். பேபி அவள் முழங்கையைப் பிடித்தாள். அருள்மேரி கையை உருவிக்கொண்டு முன்னால் போனாள்.

"அண்ணா, அந்தக் கல்லு அங்க இல்ல. நான்தான் புடுங்கி நட்டேன். மழையில எடம் தெரியல."

சம்பத் டேப்பை இறக்கிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னாத்துக்குமா புடுங்கின?"

"போட்டோ எடுக்க. கல்லு இல்லாம இருந்தா நல்லா இருக்கும்னு."

சம்பத் சிரித்துவிட்டார். "சார், கேட்டீங்களா? வெறும் புல்ல போட்டா புடிக்க கல்ல புடுங்கிச்சாம்! செல்லம்மா, சாட்சி இட்டுகினு வர்தா இருந்தா கொஞ்சம் நம்பற மாதிரி சொல்லிக் குடுத்து இட்டுகினு வா."

"ஐய, இந்தப் பொண்ண நான் பாத்ததே இல்லய்யா!"

"பாக்காமயேதான் உனக்கோசரம் பேசுதா?"

கஸ்தூரிரங்கன் குடையை மாற்றிப் பிடித்தார். "இதப் பாரும்மா, நான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன். சும்மா ஒரு வார்த்தை சொன்னா ஆச்சா? கல்லு எங்க இருந்ததுன்னு காட்ட முடியுமா உன்னால?"

எங்கும் முழங்கால் அளவு சேறு. காட்ட முடியாது. "நாளைக்குக் காலையில காட்டறேன் சார். அதுவரைக்கும் கான்கிரீட் போடாதீங்க" என்றாள். அவர் சம்மதித்தது அவளை நம்பியதால் இல்லை. செல்லம்மா பள்ளத்தை விட்டு ஏற மறுத்ததால்.

மறுநாள் காலை, கற்கள் இருந்த இரண்டு படங்களையும் பெரிதாகப் பிரின்ட் போட்டு எடுத்து வந்தாள். பார்த்ததும் சம்பத்தின் சிரிப்பு நின்றது. படத்தில் கல் இருந்தது, அதன் தலையில் குறியும் இருந்தது. ஆனால் காகிதத்திலிருந்து சேற்றுக்கு எப்படிப் போவது?

பனைமரத்தடியில் முக்காலியை நிறுத்தினாள். அன்று எடுத்த படத்தில் இடதுபக்கப் பனை, பின்னாலிருந்த மோட்டார் கொட்டகையின் ஒரு மூலையைச் சரியாக மறைத்திருந்தது. இப்போது கேமராவில் அந்த மூலை வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தது. முக்காலியை நகர்த்தினாள், குனிந்து பார்த்தாள், திரும்ப நகர்த்தினாள். மூலை மரத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. அவள் அன்று நின்ற இடத்துக்கே திரும்பி வந்திருந்தாள். படத்தில் மூலைக்கல், தூரத்து மின்கோபுரத்தின் இடது காலுக்கு நேர் கீழே இருந்தது.

சம்பத் கடப்பாரையோடு சேற்றில் நடந்தார். காற்றில் குரல் எட்டாததால் நடுவில் பேபி நின்று கத்தினாள்.

"சோத்தாங்கைப் பக்கம் வாங்கண்ணா! இன்னும்! ஐயோ, ரொம்பப் போய்ட்டீங்க!"

"ஏம்மா, நான் இன்னா மாடா, இப்டி ஓட்டற?"

கஸ்தூரிரங்கன் மெதுவாக வந்து, "நான் பாக்கலாமா?" என்றார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கையிலிருந்த பிரின்டைப் பார்த்தார். மறுபடி கேமராவுக்குள் பார்த்தார். பிறகு தலையை எடுக்காமலேயே கத்தினார்: "சம்பத்! அரை அடி லெஃப்ட்! ஆங், அதான் கோபுரத்தோட கால்!"

"இன்னா சார், நீங்களும் அந்தப் பக்கம் போய்ட்டீங்களா?"

பனைமரத்திலிருந்து அந்தக் கோட்டில் கயிறு கட்டினார்கள். ஆனால் கோட்டில் எந்த இடம் என்று ஒரு படம் சொல்லாது. கல் கிட்டேயும் இருக்கலாம், எட்டவும் இருக்கலாம். அதற்குத்தான் இரண்டாவது படம். ஓடைக்கரை மேல் நின்று, அதே மாதிரி தன் பழைய இடத்தைத் தேடிப் பிடித்து, இன்னொரு கயிறு இழுக்கச் சொன்னாள். இரண்டு கயிறும் வெட்டிக்கொண்ட இடம், இப்போது கல் நின்ற இடத்திலிருந்து ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்கு அப்பால் இருந்தது. பேபி சொன்ன ஒரு சாண் அது.

சம்பத் அங்கே கடப்பாரையைப் போட்டார். சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினார். முகம் மாறியது. ஒரு செங்கல் துண்டு வந்தது, அப்புறம் இன்னொன்று.

"நான் போட்டதுதான்" என்றார். "கல்லு ஆடாம இருக்கறதுக்கோசரம் கீழ செங்கல்லு வெச்சேன்." கஸ்தூரிரங்கன்தான் பெருமூச்சு விட்டார். "சரி, பள்ளத்த மூடச் சொல்லுப்பா. ஆள் கூலி உன்னோடது." சம்பத் செல்லம்மாவைப் பார்த்தார், ஆட்களைக் கூப்பிடப் போனார்.

செல்லம்மா பள்ளத்திலிருந்து ஏறி நேராக அருள்மேரியிடம் வந்தாள். "போட்டாவுக்கோசரம் என் வூட்ட ஓடைல தள்ளிட்டியேம்மா. ராத்திரி முச்சூடும் கண்ண மூடல, தெரியுமா?"

"தப்புதாங்கா."

"தப்புன்னா ஆச்சா?" என்றாள். பிறகு பிரின்டைப் பிடுங்கிப் பார்த்தாள். "இதுல என் மனை எங்க கீது?"

அருள்மேரி வலது ஓரத்தைக் காட்டினாள். செல்லம்மாவின் இடம் படத்தின் விளிம்பில் பாதியோடு வெட்டுப்பட்டிருந்தது.

"மீதிய யாரு எடுக்கறது?"

அருள்மேரி முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். மனை முழுக்க வரும்வரை போகவேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் போனதும் எல்லாம் உள்ளே வந்துவிட்டது: மின்கம்பம், விற்பனைப் பலகை, சேற்றில் கிடந்த கயிறுகள், ஓடை, தன் மனையின் நடுவில் இடுப்பில் கைவைத்து முறைத்துக்கொண்டு நின்ற செல்லம்மா.

தொகுப்பைச் சமர்ப்பிக்கும் நாளில், முதலாவதாக இருந்த படத்தை அவளே உருவி எடுத்தாள். "சார், இது வேணாம். இருந்தத எடுத்துட்டு எடுத்தது" என்று நடந்ததைச் சொன்னாள். அந்த இடத்தில் செல்லம்மாவின் படத்தை வைத்தாள். ஸ்ரீநிவாசராகவன் இரண்டையும் பார்த்தார். "அது நல்ல படம்மா" என்றார், எதைச் சொன்னார் என்று விளங்காதபடி. மதிப்பெண் குறைந்தது. பரிசு என்று ஏதோ இருந்தது. அது வேறொருவருக்குப் போனது. பேபிக்கு மட்டும் மனசு வெகுநாள் ஆறவில்லை.

செல்லம்மா பங்குனியில் பால் காய்ச்சினாள். ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இன்னும் பூசாத சுவர். அக்காவும் தங்கையும் போயிருந்தார்கள். அருள்மேரி டம்ளரை ஏந்தியபடி பின்பக்க ஜன்னலருகே போய் நின்றாள். சுவரை ஒட்டி ஒரு முழ மண். ஒரு முருங்கைக் கிளை நட்டிருந்தது. அதற்கும் அப்பால்தான் ஓடை ஓடிக்கொண்டிருந்தது.