இடது மூலையில் ஒரு பெண்

ஓவியக்கூடத்தின் பின்னறையில், பார்வையற்றவர்கள் தடவிப் பார்க்கும் தொடுபடம் செய்யும் அந்தப் பெண்ணுக்கும் கதவுகளுக்கும் ஜென்மப் பகை என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பேசுவார்கள். கதவுநிலையில் இடித்துக்கொள்வாள், இடித்த தோளைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கு ஒண்ணுமில்ல, வாசல்தான் சின்னதாக் கட்டிட்டாங்க" என்பாள். சிரிப்பு அடங்கியதும் இடித்த நிலையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். பார்வை போவதற்கு முன் அவளுடைய அக்காவும் இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கறையான் கதவை அரிப்பதுபோல அக்காவின் பார்வை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வந்தது. தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அப்போது தையல்காரியாக இருந்த இவள், காலண்டரில் இருந்த ஒரு தோட்டத்தைத் துணியிலும் கயிற்றிலும் தைத்து அக்காவின் மடியில் வைத்தாள். அக்கா மாடியில் காயப்போட்ட துணியைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். விரல் மட்டும் பூவை விடவே இல்லை. பிறகு அக்கா இறந்துபோனாள். பார்வையற்றவர்களுக்குப் படம் செய்யும் வேலை இவள் கையில் தங்கிவிட்டது. இது குடும்பத்தில் ஓடும் நோய், நீயும் கண்ணைக் காட்டிவிடு என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். அவள் போகவில்லை. போனால் தெரிந்துவிடுமே.

இந்த முறை ஆற்றங்கரை ஓவியம். தண்ணீருக்கு வழவழப்பான சாட்டின் துணி, மணலுக்கு உப்புத்தாள், படகுக்கு இழைத்த மரம். படத்தின் ஓரத்தில் பதித்த சிமிழைத் திறந்தால் நனைந்த மண்ணின் வாசனை. பொத்தானை அழுத்தினால் துடுப்புச் சத்தமும், படத்தை விவரிக்கும் குரலும் வரும். மேஜைக்கு இடப்பக்கச் சுவரில் ஓவியத்தின் அச்சுப்படியை மாட்டி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்தே தைத்து முடித்தாள்.

எந்தத் தொடுபடமும் வெளியே போகுமுன் அதைத் தடவிப் பார்த்துச் சரி சொல்பவர், பிறவியிலேயே பார்வையில்லாத, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். அவள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். போன முறை அவள் செய்த குதிரையின் பிடரியைத் தடவிவிட்டு, யாரோ பெரிய மீசைக்காரர் என்று நினைத்து வணக்கம் வைக்கப் போனேன் என்று இன்னும் சொல்லிச் சிரிப்பார். அன்றும் அப்படித்தான் சிரித்துக்கொண்டே தடவினார். படகு, மணல், தண்ணீர். பொத்தானை அழுத்திக் குரலைக் கேட்டார். விரல்கள் திரும்பவும் தண்ணீருக்கே போயின.

"இந்தக் குரல் சொல்ற பொண்ணு எங்க, தங்கச்சி?"

"எந்தப் பொண்ணு?"

"படியில உக்காந்து காலைத் தண்ணிக்குள்ள விட்டிருக்காளாமே. இடது மூலையில. நீ அங்க வெறும் தண்ணிதான் வெச்சிருக்க."

குரல் பதிவு செய்தவர்கள் வேறு படத்தோடு குழப்பிக்கொண்டிருப்பார்கள் என்றாள். நாள் பூராவும் இந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்குத் தெரியாதா? உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவரைப் பார்த்தாள். படகு இருந்தது. அதற்கு அப்பால் தண்ணீர். படியும் இல்லை, பெண்ணும் இல்லை.

பேச்சுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தவள் தலையை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினாள்.

பெண் இருந்தாள். சிவப்புப் பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு, இத்தனை நாளும் அங்கேயே இருந்தவள்போல உட்கார்ந்திருந்தாள்.

பார்வையைப் படகுக்குக் கொண்டுபோனாள். பெண் இல்லை. அவள் இருந்த இடத்தைத் தண்ணீர் ஒரு சுழிப்புகூட இல்லாமல் மூடியிருந்தது. மறுபடி இடப்பக்கம் திரும்பினாள், பெண் இருந்தாள்.

"பாத்தியா, பொண்ணு இருக்காளா?" என்றார் அவர்.

"அவ இருக்காண்ணே. எனக்குத்தான்..."

அவர் கை சாட்டின் மேலேயே நின்றது. அவளுடைய அக்காவைப் பற்றி அவருக்குத் தெரியும். பயப்படாதே என்று சொல்லவில்லை.

"கிளம்பு, கண் டாக்டர்கிட்ட போவோம். நானும் வரேன். ரெண்டு பேர்ல யாரு நோயாளின்னு அந்தாளு முழிக்கட்டும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணை மட்டும் தெச்சு வெச்சுட்டு, நாளைக்கு..."

"அவ எங்கயும் போக மாட்டா. உன் கண்ணு அப்படிக் காத்துக்கிட்டு இருக்காது தாயி."

அவர் அவள் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். கதவருகே வந்ததும் அவள் நின்றாள். இடது கையை மெல்ல நீட்டி நிலையைத் தேடினாள். வெறும் காற்று என்று கண் சொன்ன இடத்தில் மரம் தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, வலது கையையும் விரித்து அளந்து பார்த்தாள்.

வாசல் அகலமாகத்தான் இருந்தது.